நர்சம்மா போட்ட மஞ்சள் கார்டு

நெல்லித்தோப்பில் அவளை நர்சம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நர்சுக்கு அவள் படிக்கவில்லை. பத்தாவது முடித்த கையோடு டாக்டர் தெய்வசிகாமணியின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்க உட்கார்ந்தவள், பார்த்துப் பார்த்தே ஊசியைக் கொதிக்க வைத்துப் போடவும், புண்ணுக்குக் கட்டுப் போடவும், அடம்பிடிக்கிற பிள்ளைக்கு மருந்து புகட்டவும் கற்றுக்கொண்டாள். சுலோசனா என்ற பெயர் டாக்டர் வாயிலும் அவள் புருஷன் கலியமூர்த்தியின் வாயிலும்தான் மிச்சம் இருந்தது.

ஏன், எதற்கு என்று கேட்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. காய்ச்சல் என்று வந்தவனிடம் காய்ச்சலைப் பற்றி நாலு கேள்வி, அவன் வேலை பார்க்கும் மில்லைப் பற்றி எட்டுக் கேள்வி. தட்டாஞ்சாவடிப் பட்டறையில் லேத் ஓட்டிவிட்டு அலுத்து வரும் கலியமூர்த்திகூட, தன் வீட்டுக்குப் போவதும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதும் ஒன்றுதான் என்று கூட்டாளிகளிடம் சொல்லுவான். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லுவான்.

எழுபத்தேழாம் வருஷம் மழைக்காலத்தில் மண்ணாங்கட்டி என்ற மூட்டை தூக்கும் ஆள் காலில் புண்ணோடு வந்தான். டாக்டர் புண்ணைப் பார்த்ததுமே சர்க்கரை இருக்குமோ என்று சந்தேகப்பட்டு ரத்தம் எடுத்து டவுனில் இருந்த லேபுக்கு அனுப்பினார். முடிவு இரண்டு நாளில் வந்தது. மண்ணாங்கட்டி வரவில்லை. புண் கொஞ்சம் காய்ந்தது போலத் தெரிந்ததும் ஊருக்கு வெளியே மேட்டுப்பாளையத்தில் லோடு இறக்கப் போய்விட்டான். அவன் மறுபடி வந்தபோது கால் கறுத்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பாதி பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

டாக்டர் தெய்வசிகாமணி பாகூர் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். கோபம் வந்தால் கத்தமாட்டார், ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். அன்றைக்கு அப்படித்தான் பார்த்தார்.

"சேதி நம்ம மேஜைமேல இருந்திருக்கு, அவன் கால் அங்க அழுகியிருக்கு," என்றார். "டெஸ்டு முடிவு வந்தா ஆளுக்குப் போய்ச் சேரணும். அதுக்கு ஒரு வழி கண்டுபிடி சுலோசனா. எந்த வழின்னு நீயே பாரு. ஆனா என்ன நோய்ன்னு ஊருக்குத் தெரியக்கூடாது."

சும்மா இருந்தாலே கேள்வி கேட்கிறவள். அவளிடம் போய் ஒரு கேள்வியைக் கொடுத்துவிட்டார். சுலோசனாவுக்கு அன்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை. ஒரு சேதி எப்படிப் போகிறது, எங்கே நிற்கிறது, எந்த வாசலில் திரும்பிக்கொள்கிறது என்று தெருத் தெருவாகப் பார்த்துக்கொண்டு திரிந்தாள்.

டெலிபோன் என்று ஒரு யோசனை இருந்தது. பக்கத்து மருந்துக்கடையில் போன் இருந்ததால் இந்தப் பக்கம் கவலையில்லை. அந்தப் பக்கம்தான் பஞ்சம். அரிசி மண்டியில் ஒன்று, மரவாடியில் ஒன்று, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர் வீட்டில் ஒன்று. சோதித்துப் பார்க்கலாம் என்று மரவாடிக்குப் போன் போட்டு, எதிர்வீட்டு நாராயணசாமியைக் கிளினிக்குக்கு வரச்சொல்லும்படி கேட்டாள். ரம்பம் ஓடுகிற சத்தத்தில் முதலாளி கத்த, அதைவிடப் பெரிதாக லோடுமேன் தெருவுக்கு வந்து கத்த, நாராயணசாமி வீட்டுக் கதவைத் திறப்பதற்குள் அவருக்கு மூலம் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. பாவம், மனுஷனுக்கு வெறும் ரத்தசோகை.

ஆள் விட்டுச் சொல்லலாம் என்று ரிக்‌ஷாக்காரர் பாவாடை என்பவரை இரண்டு வீட்டுக்கு அனுப்பினாள். டாக்டர் ரிக்‌ஷா அனுப்பிவிட்டார், அவ்வளவு முற்றிவிட்டது என்று ஒரு வீட்டில் ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டார்கள். பாவாடை அவர்களைத் தேற்றிக் காப்பி குடித்துவிட்டு வந்தார்.

கடைசியில் தபால் கார்டு என்று முடிவாயிற்று. எல்லோருக்கும் ஒரே வாசகம்: 'உங்கள் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. டாக்டரை வந்து பார்க்கவும்.' நோயின் பெயர் கிடையாது. தபால்காரர் படித்தாலும், டீக்கடையில் கொடுத்துப் படிக்கச் சொன்னாலும் ஒன்றும் வெளியே தெரியாது. இராமதாஸ் என்பவரின் அச்சகத்தில் ஒரு கட்டு அடித்து வாங்கினாள். விலாசம் மட்டும் எழுதிப் பெட்டியில் போட்டால் போதும். சுலோசனாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

கார்டுகள் போயின. ஒருவரும் வரவில்லை.

வேறு யாராவது என்றால் ஜனங்களைத் திட்டியிருப்பார்கள். சுலோசனாவுக்கு ஏன் என்று தெரிந்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கலியமூர்த்திக்குச் சோற்றை வடித்து வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். முதலில், கார்டு போன சின்னக்கண்ணுவின் வீடு. வாசலிலேயே கண்ணில் பட்டது அவள் அடித்த கார்டு. கூரைக் கீற்றின் நுனியில் யாரோ செருகி வைத்திருந்தார்கள்.

"அது சாவுக் காயிதம் நர்சம்மா," என்றாள் சின்னக்கண்ணு. "யாரு போய்ச் சேந்தாங்கன்னு தெரியல. தூரத்துச் சொந்தமா இருக்கும்னு எல்லாரும் தலைக்கு ஊத்திக்கிட்டோம். படிக்கத் தெரிஞ்ச ஆளு வந்தா கேக்கலாம்னு வெளியவே சொருவி வெச்சோம்."

"சாவுக் காயிதம்னு யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? அச்சடிச்ச கார்டு. மூலையில மஞ்ச இல்ல."

சுலோசனா முதலில் சிரித்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். அந்த வீடுகளுக்கு அச்சடித்து வருகிற கடுதாசி இரண்டே ஜாதி. கல்யாணம், காதுகுத்து என்றால் நாலு முனையிலும் மஞ்சள் தடவி வரும். அது சாமி மாடத்துக்குப் போகும். மஞ்சள் இல்லாமல் வந்தால் கருமாதிப் பத்திரிகை. அதை வீட்டுக்குள் எடுத்துப் போகமாட்டார்கள். அவள் வீட்டிலும் அதுதான் வழக்கம். கிளினிக்கு மேஜையில் உட்கார்ந்ததும் அது எப்படி மறந்தது என்று அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. அன்றைக்குப் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் கார்டு வேலியிலோ கூரையிலோதான் இருந்தது. ஒரு வீட்டில் கன்றுக்குட்டி தின்றுவிட்டதாம்.

டாக்டர் கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தார். மஞ்சள்தானே, தடவிப் போடு என்றார். ஆனால் எல்லாக் கார்டுக்கும் ஒரே மாதிரி தடவ வேண்டும், நல்லதுக்கு ஒன்று கெட்டதுக்கு ஒன்று என்று பிரித்தால் கார்டைப் பார்த்தே ஊர் நோயைக் கண்டுபிடித்துவிடும் என்றும் சொன்னார். அதில் நியாயம் இருந்தது.

மஞ்சள் தடவிய கார்டு போன வேகம் தனி. வாங்கிய மறுநாளே ஜனங்கள் வந்து நின்றார்கள். ஒருத்தி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து, தனக்குக் குடலில் பூச்சி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனாள். மண்ணாங்கட்டி கட்டையை ஊன்றிக்கொண்டு தன் இரண்டாவது சோதனைக்கு நாள் தவறாமல் வந்தான். சுலோசனாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மஞ்சள் அப்பிய விரலோடுதான் அவள் வீட்டில் சோறு போட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் சின்னப்பாப்பா வந்தாள். மேட்டுப்பாளையத்துக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் தேவதாஸின் மனைவி. கல்யாணமாகி வெகு வருஷம், பிள்ளை இல்லை. உடம்பு இளைக்கிறது, சோறு பிடிக்கவில்லை, தலை சுற்றுகிறது, வீட்டுக்குத் தூரமாகி இரண்டு மாதம் ஆகிறது என்றாள். இருமலைக் கடைசியில்தான் சொன்னாள், அதையும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். டாக்டர் ரத்தம், சிறுநீர், சளி மூன்றையும் எடுக்கச் சொன்னார். கூட வந்த மாமியார் ஆயம்மா வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சிறுநீர்க் குப்பியோடு மருமகள் உள்ளே போனது அவள் கண்ணில் பட்டது. சளி டப்பா படவில்லை.

முடிவு வந்தபோது சுலோசனாதான் உறையைப் பிரித்தாள். பிள்ளை இல்லை. சளியில் டி.பி. கிருமி இருந்தது. கார்டில் விலாசம் எழுதிவிட்டு மஞ்சளில் விரலை வைத்தாள். விரல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நாலு முனையிலும் தடவிப் பெட்டியில் போட்டாள்.

கார்டு போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் காலை, கிளினிக்கு வாசலில் பாவாடையின் ரிக்‌ஷா வந்து நின்றது. ஆயம்மா தாம்பாளத்தோடு இறங்கினாள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பூ, கற்கண்டு. பின்னால் தேவதாஸ் ஒரு சீப்பு வாழைப்பழத்தைப் பிடித்தபடி, யாரையும் நிமிர்ந்து பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு வந்தான். சின்னப்பாப்பாவின் தலை நிறையப் பூ. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோருக்கும் ஆயம்மா கற்கண்டு கொடுத்தாள். ஒரு கிழவி சின்னப்பாப்பாவின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். சுலோசனாவின் உள்ளங்கையிலும் ஒரு பிடி கற்கண்டு வந்து விழுந்தது.

தன் விரலால் தடவிய மஞ்சள்தான் இந்தத் தாம்பாளமாகத் திரும்பி வந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. டாக்டர் உள்ளே வேறு நோயாளியோடு இருந்தார். அவர் ஒளிவு மறைவு தெரியாதவர், கூப்பிட்டு உட்கார வைத்து உள்ளதைச் சொல்லிவிடுவார். அதற்கு முன்னால் இந்தப் பெண்ணுக்காவது தனியாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்து, எடை பார்க்க வேண்டும் என்று சாக்குச் சொல்லிச் சின்னப்பாப்பாவை ஊசி போடும் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

எப்படி ஆரம்பிப்பது என்று அவள் தடுமாறுவதற்குள் சின்னப்பாப்பாவே பேசினாள்.

"புள்ள இல்லதானக்கா?"

சுலோசனா ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"தெரியும்க்கா. எங்க ஓரகத்திக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சுது. இருமல், இளைப்பு. டி.பி.ன்னு தெரிஞ்சதும் அம்மா வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. திரும்பக் கூப்பிடவே இல்ல. அவ அங்கயே போய்ச் சேந்துட்டா."

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?"

சின்னப்பாப்பா தலையில் இருந்த பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "கார்டு வந்ததுலேந்து எங்க மாமியா என்னைத் தண்ணி தூக்க வுடல. ராத்திரி பால் காச்சிக் குடுக்குது. முட்டை அவிச்சுக் குடுக்குது. அவரு பக்கத்துல உக்காந்து பேசறாரு. இந்த வூட்டுல எனக்கு இதெல்லாம் நடந்ததே இல்லக்கா. ரெண்டு நாளு இருந்துட்டுப் போவுதேன்னு இருந்துட்டேன்."

சுலோசனாவுக்கு அழுகை வந்தது. கற்கண்டைக் கையில் இறுக்கிப் பிடித்ததில் அது கசிந்து ஒட்டிக்கொண்டது. பாலும் முட்டையும் ஓய்வும்தான் டாக்டர் இந்த நோய்க்கு எழுதப்போவதும். அதை வேறு சேதி என்று நினைத்து வீடு ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறது. இப்போது உண்மையைச் சொன்னால் அத்தனையும் நின்றுபோகும், இவளும் அம்மா வீட்டுக்குப் போவாள். சொல்லாமல் இருந்தால் மருந்து இல்லை, வீட்டில் மற்றவர்களுக்கும் தொற்றும். எந்தப் பக்கம் போனாலும் முட்டுச் சந்து.

டாக்டர் கூப்பிட்டார். நாலு பேரும் உள்ளே போனார்கள். சுலோசனா எதிர்பார்த்தது போலவே அவர் நேராகச் சொல்லிவிட்டார். கர்ப்பம் இல்லை, டி.பி. முன்காலம் போல இது ஆளைக் கொல்லும் நோய் இல்லை, ஊசியும் மாத்திரையும் விடாமல் ஒன்றரை வருஷம் எடுத்தால் முழுசாகக் குணமாகும், நடுவில் விட்டால்தான் ஆபத்து, வீட்டில் எல்லோரும் சளி சோதித்துக்கொள்ள வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். தேவதாஸ் வாழைச்சீப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். சின்னப்பாப்பா தரையைப் பார்த்தாள். வெளியே பெஞ்சில் யாரோ கற்கண்டைக் கடிக்கும் சத்தம் கேட்டது.

ஆயம்மா டாக்டரைப் பார்க்கவில்லை. சுலோசனாவைப் பார்த்தாள்.

"அந்தக் கார்டு இந்தச் சேதிக்குத்தான் வந்ததா?"

"ஆமாம்மா."

"மஞ்ச தடவுனது யாரு?"

"நான்தாம்மா," என்றாள் சுலோசனா. ஏச்சு வாங்கத் தயாராக நின்றாள். வாங்கினால் தகும் என்றும் நினைத்தாள்.

ஆயம்மா மடியில் இருந்த தாம்பாளத்தைப் பார்த்தாள். மருமகளையும் ஒரு தரம் பார்த்தாள். ஆயம்மாவின் முகத்தில் என்ன இருந்தது என்று சுலோசனாவால் படிக்க முடியவில்லை.

"பெரிய மருமவளுக்கு வந்தப்ப இப்பிடிக் காயிதம் ஒண்ணும் வரல," என்றாள் ஆயம்மா. "வாய்ச் சேதியாத்தான் வந்துது. இது மஞ்ச தடவி வந்துருக்குது. நான் என் கையால வாங்கி மாடத்துல வெச்சி வெளக்கேத்திட்டேன். மஞ்சளோட உள்ள வந்தத வெளிய தூக்கிப் போடற வழக்கம் எங்க வூட்டுல இல்ல." பிறகு மகன் பக்கம் திரும்பினாள். "பழத்த வெச்சிட்டு வெளிய இரு. அவளுக்கு ஊசி போடணுமாம்."

சின்னப்பாப்பா அப்போதுதான் அழுதாள். முதல் ஊசியைச் சுலோசனா போட்டாள்.

அன்றோடு எல்லோருக்கும் ஒரே கார்டு என்பது முடிந்தது. சுலோசனா டாக்டரிடம் போய், இனி நோயாளியையே கேட்டுவிடலாம் என்றாள். ரத்தமோ சளியோ எடுக்கும்போதே, முடிவு வந்தால் உனக்கு எப்படிச் சொல்லி அனுப்பட்டும் என்று ஒரு கேள்வி. டாக்டர் யோசித்துவிட்டு, இது உனக்கு ஏற்ற வழிதான் என்றார்.

அந்த ஒரு கேள்விக்கு வந்த பதில்களைக் கேட்பதற்கென்றே அவள் பிறந்தவள் போல இருந்தாள். ஒருவர், மில் சங்கு ஊதி ஷிப்டு விடும்போது எதிர் வெற்றிலைக் கடையில் சொல்லிவைத்தால் போதும், வீட்டுப் பக்கம் மட்டும் வரவேண்டாம் என்றார். ஒருத்தி, தயிர்க்காரியிடம் 'உன் ரவிக்கை தைத்தாயிற்று' என்று சொல்லி அனுப்பச் சொன்னாள். டெலிபோன் வைத்திருந்த சொல்தா, போனெல்லாம் மரியாதைக் குறைவு, உறைமேல் பெயருக்கு முன்னால் முசியே என்று எழுதித் தபாலில் வரவேண்டும் என்று கறாராகச் சொன்னார். சுலோசனா சர்ச் பக்கத்து டீச்சரிடம் அந்த வார்த்தையைப் பிரெஞ்சில் எழுதி வாங்கி வந்து, பார்த்துப் பார்த்து வரைந்தாள். கலியமூர்த்திக்குப் படுக்கப்போகும் வரை இந்தக் கதைகள்தான்.

சின்னப்பாப்பா ஊசிக்கு வராத நாள் இல்லை. ஆரம்பத்தில் ஆயம்மா கூடவே வந்தாள். பாலும் முட்டையும் நிற்கவில்லை என்று சின்னப்பாப்பாவின் கன்னமே சொல்லியது. தெருவில் கேட்டவர்களிடம் ஆயம்மா, பிள்ளை தங்கவில்லை, உடம்பு தேற ஊசி போடுகிறோம் என்று சொல்லிவிட்டாளாம். பொய் சொல்லக் கூசாத மாமியார்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சளுக்குப் பயந்துதான் அவள் மருமகளை வைத்துக்கொண்டாளா, இல்லை முதல் மருமகளை அனுப்பியது உள்ளே அறுத்துக்கொண்டிருந்து, திருப்பிச் செய்ய ஒரு சாக்கு வேண்டியிருந்ததா? சுலோசனாவுக்கு இதைத் தெரிந்துகொள்ள நாக்கு துடித்தது. ஊரையே கேள்வி கேட்டவள், இந்த ஒன்றை மட்டும் ஆயம்மாவிடம் கேட்கவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்துக் கடைசிச் சளிப் பரிசோதனை எடுத்தார்கள். அன்றைக்கு ஆயம்மாவும் வந்திருந்தாள். வழக்கம்போல சுலோசனா கேட்டாள், முடிவு வந்தால் எப்படிச் சொல்லி அனுப்பட்டும் என்று. சின்னப்பாப்பா மாமியாரைப் பார்த்தாள். ஆயம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"கார்டே போடு நர்சம்மா," என்றாள். "கடைத் தூளு வாணாம், அது வெறும் சாயம். இது நான் வூட்டுல இடிச்சது. முடிவு எப்பிடி வந்தாலும் இதத் தடவிப் போடு. உள்ள எடுத்து வெக்கறது என் பொறுப்பு."

முடிவு நல்லபடியாகத்தான் வந்தது. சுலோசனா பொட்டலத்தைப் பிரித்து நாலு முனையிலும் தடவினாள். நல்ல மஞ்சள், இரண்டு நாள் கழுவியும் அவள் விரலை விட்டுப் போகவில்லை.